சுக்கான் யார் கையில?

நெடுந்தீவுக்குப் போறதெண்டால் பண்ணைத் தாம்போதியால வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவானில படகேற வேணும். படகுக்குள்ள பெண்கள் நிறைய. சுக்கானிலும் இயந்திர அறையிலும் நாங்கள் கண்டது ஆண்களைத்தான். "பொம்பிளையளுக்கு இது சரிவராது" எண்டு சொல்லுவினம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

1940களில் கிண்டி பொறியியற் கல்லூரியில் பேராசிரியராக இருந்த பப்பு சுப்பாராவ் தன் மகள் லலிதாவுக்கு இடம் கேட்டார். கதவு திறந்தது. திரேசியாவும் லீலாம்மாவும் அதே கல்லூரியில் சேர்ந்தார்கள். திரேசியா 1971இல் கேரளத்தின் தலைமைப் பொறியாளரானார். வீதிகளும் பாலங்களும் அவர் பொறுப்பில் எழுந்தன. 1993இல் கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி அரசுப் பேருந்தின் சாரதியானார்.

திறமை முன்பும் இருந்தது. இடம் கேட்க ஒரு ஆள்தான் தேவைப்பட்டது. எங்கட தீவுப் பிள்ளையளுக்குப் படகு இயந்திரப் பயிற்சியில் இடம் கேட்கப்போறது ஆர்? நாங்கள்தான் கேட்க வேணும்.