கோல்கொண்டில் இரண்டு இரவு

சண்டிகரைக் கட்ட லெ கார்புசியே வந்தது 1951-ல். நவீனக் கட்டிடக்கலை அவரோடுதான் இந்தியாவில் வந்து இறங்கியது என்று பலரும் நினைக்கிறோம். அதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் முன்பே, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட பாண்டிச்சேரியில், கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு கான்கிரீட் கட்டிடம் எழும்பத் தொடங்கிவிட்டது. அதுதான் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதி. போன மே மாதம் அங்கே இரண்டு இரவு தங்கக் கிடைத்தது.

ஹைதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரி மூலமாக நிஜாமிடமிருந்து வந்த நன்கொடையில் கட்டியது; பெயர்க் காரணமும் அதுவே. வடிவமைத்தவர் டோக்கியோவில் இருந்த அன்டோனின் ரேமண்ட், பிறப்பால் செக்காரர். 1937-ல் வேலையைப் பார்க்க வந்தவர் அவரிடம் இருந்த ஜார்ஜ் நகாஷிமா, அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியர். பிறகு பொறுப்பேற்ற ஃபிரான்டிசெக் சம்மரும் செக்காரர். ஆக, ஊரைவிட்டு வந்தவர்கள் கட்டிய வீடு! நகாஷிமா 1939-ல் கிளம்பினார். 1942-ல் அமெரிக்க அரசு அவரைக் குடும்பத்தோடு முகாமில் அடைத்தது. பின்னாளில் உலகமறிந்த மரச்சாமான் கலைஞர் ஆனார்.

இந்த வீட்டில் கண்ணாடி ஜன்னலே கிடையாது. வடக்கிலும் தெற்கிலும் சுவர் முழுக்கத் திருப்பக்கூடிய பலகைகள். அறைக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவே தேக்குச் சட்டங்கள் வைத்த தள்ளுகதவு. கதவை மூடினாலும் காற்று நிற்காது. கூரைமேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள். அவற்றுக்கும் தளத்துக்கும் இடையில் காற்று ஓட இடைவெளி. தரையில் கறுப்புக் கடப்பைக் கல். மே மாத மதியத்தில் ஏசியை நான் தேடவில்லை.

எனக்கு உறைத்தது வேறு விஷயம். கடலூரில் எங்கள் அப்பா 1968-ல் கட்டிய வீடு இதைவிடச் சின்னப்பிள்ளை. அதே வங்கக்கடல், அதே உப்புக்காற்று. கம்பி துருப்பிடித்து வீங்கி, மாடித் தளம் பெயர்ந்து விழுகிறது. அண்ணன் சிங்கப்பூரில், நான் மும்பையில். "இடிச்சு மனையா வித்துடலாம்டா" என்கிறார் அண்ணன்.

கோல்கொண்ட் நிற்பதற்கு நல்ல கான்கிரீட் ஒரு காரணம்தான். அங்கே தினமும் ஆள் இருக்கிறார்கள். துடைக்கிறார்கள், பலகைகளைத் திருப்புகிறார்கள், பழுதை அன்றன்றே பார்க்கிறார்கள். காட்சிப்பொருளாகப் பூட்டி வைக்காமல் குடியிருப்பதால்தான் அது பிழைத்திருக்கிறது. நம் வீடுகளோ வருஷத்துக்குப் பத்து நாள் திறக்கிறோம்.

அண்ணனிடம் ஒன்று மட்டும் கேட்டிருக்கிறேன்: விலை பேசுவதற்கு முன்னால், ஒரு நல்ல இன்ஜினியர் வந்து பார்க்கட்டும், தேறும் என்றால் வாடகைக்காவது யாராவது குடியிருக்கட்டும். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. ஊரில் பூட்டிய வீடு வைத்திருப்பவர்களே, நீங்கள் என்ன செய்தீர்கள்?