சொத்து பெண் பேர்ல, சாவி யார் கையில?

பெண்கள் தலைமை பத்தி மலருக்கு எழுதச் சொன்னாங்க. நான் பத்தாவது வரை படிச்சவள். நூலகத்துல வாசிச்சதையும் நம்ம ஊர்ப்பக்கம் நடந்ததையும் சேர்த்து எழுதுறேன்.

நம்ம தென்காசி 2019 நவம்பர் 22-ல் தனி மாவட்டம் ஆச்சு. ஆனா பக்கத்துல இருக்கிற செங்கோட்டை 1956 நவம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டோட சேர்ந்துச்சு. அதுக்கு முன்னால அது திருவிதாங்கூர்ச் சீமை. குற்றாலத்துல இருக்கிற திருவிதாங்கூர் அரண்மனை அந்தக் காலத்து அடையாளம்தான்.

அந்தச் சீமையில ராஜ குடும்பத்துக்கும், நாயர் குடும்பங்களுக்கும், நாஞ்சில் நாட்டு வேளாளருக்கும் மருமக்கள் வழின்னு ஒரு முறை இருந்துச்சு. வம்சம் அம்மா வழியாத்தான் போகும். ராஜாவுக்குப் பிறகு பட்டம் மகனுக்கு இல்லை, சகோதரி மகனுக்கு. நாயர் வீடுகள்ல பெண்ணு கல்யாணம் ஆனாலும் பிறந்த வீட்டுலயே இருப்பா. கேட்டவுடனே, "அடேயப்பா, அங்க பெண்கள் ராஜ்ஜியம்தான்!" என்று தோணும்.

உள்ளே பார்த்தா வேற மாதிரி. தறவாடுன்னு சொல்ற அந்தக் கூட்டுக் குடும்பத்துக் கணக்கும் சாவியும் காரணவர் கையில. காரணவர்னா வீட்டுல மூத்த ஆம்பளை, பெரும்பாலும் தாய்மாமன். வம்சம் பெண் வழி, நிர்வாகம் ஆண் வழி. நாஞ்சில் நாட்டுல இன்னும் கஷ்டம். புருஷன் செத்தா சொத்து அவரோட சகோதரி பிள்ளைகளுக்குப் போயிரும், பொண்டாட்டி பிள்ளை தெருவுல நிக்கணும். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை எழுதின 'மருமக்கள்வழி மான்மியம்' அப்படி ஒரு பெண்ணோட வாயால சொல்ற கதைதான்.

ஆனாலும் அந்த முறையில நாலு பெண்களுக்கு வாசல் திறந்துச்சு. 1810-ல் பட்டத்துக்கு வர ஆம்பளை வாரிசு இல்லாதப்ப, இருபது வயசை ஒட்டின கௌரி லட்சுமிபாய் ராணி ஆனாங்க. 1812-ல் அடிமைகளை விற்க வாங்கத் தடை போட்டாங்க. அடிமை முறை முழுசா ஒழிய 1855 வரை ஆச்சு, ஆனா ஆரம்பிச்சது அவங்கதான். அதே காலத்துல கர்னல் மன்றோன்னு வெள்ளைக்காரர் ரெசிடென்டாவும் திவானாவும் இருந்து நிர்வாகத்தைக் கையில வச்சிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லணும். லட்சுமிபாய் 1815-ல் இறந்த பிறகு அவங்க தங்கச்சி கௌரி பார்வதிபாய் 1829 வரை ஆட்சியைப் பார்த்தாங்க. பிள்ளைகள் படிப்புச் செலவை அரசாங்கம் ஏத்துக்கணும்னு 1817-ல் உத்தரவு போட்டது அவங்கதான்.

கடைசியா சேது லட்சுமிபாய், 1924 முதல் 1931 வரை. மருத்துவத் துறைக்கு டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் என்ற பெண்ணைத் தலைமை ஆக்கினாங்க. இவங்க காலத்துலதான் 1925-ல் வந்த நாயர் சட்டம், தறவாட்டுச் சொத்தைப் பங்கு பிரிக்க வழி பண்ணுச்சு. காரணவர் ஒருத்தர் கையில இருந்த சாவி அதோட கைமாறுச்சு.

இது அந்த ஊரோட முடிஞ்ச கதை இல்லை. மேகாலயாவுல காசி மக்கள்கிட்ட இன்னைக்கும் பூர்வீக வீடு கடைசி மகளுக்குத்தான். ஆனா ஊர்ப் பஞ்சாயத்தான தர்பாருல காலங்காலமா ஆம்பளைங்கதான் உக்காந்தாங்க. பேர்ல சொத்து இருக்கிறது ஒண்ணு, பேசுற இடத்துல உக்காருறது இன்னொண்ணு. ரெண்டும் சேர்ந்தாத்தான் தலைமை.

நம்மளை எடுத்துக்கோங்க. பூர்வீகச் சொத்துல மகளுக்கும் சம பங்குன்னு இந்து வாரிசுச் சட்டத்தைத் தமிழ்நாட்டுல 1989-லயே திருத்தினாங்க. ஆனா அதுல ஏற்கெனவே கல்யாணம் ஆனவங்களுக்கு இடம் இல்லை. 2005-ல் மத்திய சட்டம் அவங்களையும் சேர்த்துச்சு. அதே 1989-லதான் தர்மபுரியில சுய உதவிக் குழுக்கள் ஆரம்பம். இப்ப உள்ளாட்சியில பாதி இடம் நமக்கு. காகிதத்துல எல்லாம் இருக்கு.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா பீடி சுத்தி மாசாமாசம் தவணை கட்டுறாங்க. லோன் அவங்க பேர்ல. பணத்தை வீட்டுல எதுக்குச் செலவழிச்சாங்கன்னு கேட்டா, "அவருக்குத்தான் தெரியும்" என்கிறாங்க. இருநூறு வருஷத்துக்கு முன்னால தறவாட்டுப் பெண் சொல்லியிருக்கக்கூடிய பதில் இது.

அதனால எங்க குழுவுல ஒரு வழக்கம் வச்சிருக்கோம். லோன் கேட்கிறவங்க, பணம் எதுக்கு, எப்படித் திரும்பக் கட்டுவாங்கன்னு கூட்டத்துல அவங்க வாயால சொல்லணும். தீர்மான நோட்டைக் கையெழுத்துக்கு முன்னால சத்தமா வாசிக்கணும். பாஸ்புக்கை அவங்கவங்களே பேங்குக்குக் கொண்டுபோய் வரவு வைக்கணும். வாசிக்கத் தெரியாதவங்க கூட ஒருத்தர் துணைக்குப் போறோம். முதல்ல ரெண்டு மூணு பேர் கூச்சப்பட்டாங்க. இப்ப அவங்கதான் மத்தவங்களைக் கேள்வி கேட்கிறாங்க. உங்க குழுவுலயும் அடுத்த கூட்டத்துல ஆரம்பிச்சுப் பாருங்க.