பிள்ளையோடு கதையுங்கள்: முதல் ஆண்டில் வீட்டில் செய்யக்கூடியவை

வன்னியில் வீடு வீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தராகிய என்னிடம் தாய்மார் அதிகம் கேட்பது, "பிள்ளைக்கு என்ன வாங்கிக் கொடுக்க வேண்டும்?" என்பதுதான். ஒரு பாய், வீட்டில் இருக்கும் சில பொருட்கள், பதில் தரும் ஒரு முகம் ஆகிய மூன்றும் போதும். இவற்றில் கடைசியானதுதான் எங்கள் வீடுகள் பலவற்றில் குறைகிறது. 2009இல் பதுங்குகுழிகளுக்குள் இருந்த சிறுவர்கள் இன்று தாய் தந்தையராகி விட்டார்கள். தாலாட்டிக் காட்ட வேண்டிய அம்மம்மாவும் அப்பம்மாவும் பலருக்கு இல்லை. இழப்பு சில வீடுகளைப் பேச்சற்றதாக்கி விட்டது. அங்கேயும் பிள்ளை மொழி பழக வேண்டும்.

பேச்சு

பிறப்பதற்கு முன்பே பிள்ளைக்குக் காது கேட்கும். இரண்டு மாதமளவில் "ஊ", "ஆ" என்று ஒலி எழுப்பும். அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுச் சற்றுப் பொறுத்திருங்கள். பிள்ளை மறுபடி ஒலி எழுப்பும். உரையாடல் இப்படித்தான் தொடங்குகிறது. சமைக்கும்போதும் குளிப்பாட்டும்போதும் செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்.

1970களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரொனிக், தாய்மாரைச் சில நிமிடங்கள் சலனமற்ற முகத்துடன் பிள்ளையைப் பார்த்திருக்கச் சொன்னார். பிள்ளைகள் முதலில் சிரித்துத் தாயை அழைத்தன, பின்னர் முகத்தைத் திருப்பிக்கொண்டன. தாய் மீண்டும் கொஞ்சத் தொடங்கியபோது மெல்லத் தேறின. ஒரு நாள் அழுதிருந்தால் பிள்ளை கெட்டுவிடாது. மீண்டும் அதன் பக்கம் திரும்புவதே முக்கியம். ஆனால் துயரம் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் எங்களிடம் சொல்லுங்கள். அது உங்கள் குற்றமல்ல, சிகிச்சை உண்டு.

கைத்தொலைபேசியில் ஓடும் பாட்டு பிள்ளையின் பதிலுக்காகக் காத்திருப்பதில்லை. கனடாவிலிருந்து வீடியோ அழைப்பில் பெயர் சொல்லிக் கூப்பிடும் பெரியம்மா காத்திருப்பார். இரண்டும் ஒன்றல்ல.

உடல்

பிள்ளை விழித்திருக்கும்போது, ஒருவர் அருகில் இருக்க, பாயில் குப்புறக் கிடத்துங்கள். ஓரிரு நிமிடங்களில் தொடங்கலாம்; தாயின் நெஞ்சிலும் கிடத்தலாம். தவழத் தொடங்கும் வரை நாளொன்றுக்குப் பல தடவைகளாகக் குறைந்தது 30 நிமிடங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதனால் கழுத்தும் தோளும் முதுகும் பலப்படும். நித்திரைக்கு எப்போதும் மல்லாக்கவே கிடத்துங்கள்.

பொருட்களை எட்டிப் பிடிக்கத் தொடங்கும்போது கழுவிய சிரட்டை, மரக் கரண்டி, மூடி போன்றவற்றைச் சற்றுத் தள்ளி வையுங்கள். தொண்டையில் சிக்கக்கூடிய சிறிய பொருட்கள் வேண்டாம். விழித்திருக்கும் பிள்ளையை நெடுநேரம் ஏணையில் விடாதீர்கள். கடன்பட்டு வோக்கர் வாங்கவும் வேண்டாம். அது நடையை விரைவுபடுத்தாது, விபத்துகளையே தரும். கனடா 2004இலேயே அதன் விற்பனையைத் தடைசெய்தது.

எப்போது காட்ட வேண்டும்?

பிள்ளைகள் 4 முதல் 9 மாதங்களுக்குள் தாமாக உட்காருவதும், 8 முதல் 18 மாதங்களுக்குள் நடப்பதும் இயல்பே. குறைமாதப் பிள்ளைக்கு, பிறந்திருக்க வேண்டிய திகதியிலிருந்து மாதங்களை எண்ணுங்கள். பின்வருவனவற்றில் ஒன்றைக் கண்டாலும் தாமதிக்க வேண்டாம்:

• 6 மாதத்தில் சத்தம் வரும் பக்கம் திரும்பாமை
• 9 மாதத்தில் உட்காராமை
• 12 மாதத்தில் "பா பா", "மா மா" போன்ற ஒலிகளோ சைகைகளோ இல்லாமை
• 18 மாதத்தில் நடக்காமை, ஒரு சொல்லும் பேசாமை
• கற்றதை எந்த வயதிலும் இழத்தல்

"ஆண் பிள்ளை பிந்தித்தான் பேசும்" என்று அயலவர்கள் சொல்வார்கள். அதை நம்பிக் காத்திருக்கும் மாதங்களில், காது கேளாத பிள்ளை மொழியை இழந்துகொண்டிருக்கிறது. அடுத்த கிளினிக் நாளிலேயே பிள்ளையின் பதிவேட்டுடன் வாருங்கள். காதுப் பரிசோதனைக்கு அனுப்பும்படி கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.