அச்சில் ஏறாத எழுத்துகள்

ஆழ்துளைக் கிணற்றையும் மும்முனை மின்சாரம் வரும் நேரத்தையும் நம்பி வேளாண்மை நடக்கும் அன்னூர் வட்டாரத்தில், தோட்டத்து மோட்டாரைக் கைப்பேசியால் இயக்கும் மொபைல் ஸ்டார்ட்டர் பழகிய கருவியாகிவிட்டது. அதன் பெட்டிக்குள் சிம் அட்டையைத் தாங்கிய ஜிஎஸ்எம் மாட்யூலும் அதை ஆளும் மைக்ரோகன்ட்ரோலரும் சீரியல் முறையில், அதாவது துடிப்புகள் ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் முறையில், பேசிக்கொள்கின்றன. அப்பேச்சில் படிப்பதற்கென்று இல்லாமல் கருவிக்கு ஆணையிடுவதற்கென்றே சில எழுத்துகள் உண்டு. கட்டுப்பாட்டு எழுத்துகள் எனப்படும் இவற்றின் மரபு, பைக்காரா மின்சாரம் 1930-களில் கோவைக்கு வந்ததற்கும் முந்தையது.

பிரான்சின் எமில் போதோ 1874-இல் காப்புரிமை பெற்ற ஐந்து துடிப்புக் குறிமுறையை, நியூசிலாந்தரான டொனால்டு மர்ரே 1901 அளவில் தட்டச்சுப் பொறிக்கு ஏற்பத் திருத்தியபோது, அச்சிடும் பகுதியை வரியின் தொடக்கத்துக்குத் திருப்பவும் காகிதத்தை ஒரு வரி நகர்த்தவும் தனிக் குறிகள் வேண்டியிருந்தன. கிண்டியில் 1960-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் நிறுவனத்தின் பொறிகளும் இம்மரபில் வந்தவையே. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் வகுத்து 1963-இல் வெளியான ஆஸ்கி தரம், தன் 128 இடங்களில் முதல் 32-ஐ இத்தகைய ஆணைகளுக்கு ஒதுக்கியது.

செய்தியும் ஆணையும் ஒரே கம்பியில் செல்லும்போது எது எதுவெனப் பிரித்தறிவதே இவ்வரலாற்றின் மையச் சிக்கல். 1981-இல் வந்த ஹேய்ஸ் மோடம், மூன்று கூட்டல் குறிகளுக்கு முன்னும் பின்னும் ஒரு நொடி மௌனம் இருந்தால் அதை ஆணைக்கான அழைப்பாகக் கொண்டது. ஜிஎஸ்எம் மாட்யூலிலோ, ஆணைகள் 13-ஆம் எழுத்தான வரித்திருப்பத்தால் முடிகின்றன. ஆனால் குறுஞ்செய்திக்குள்ளேயே வரி முறியக்கூடும் என்பதால், அதை முடித்து அனுப்ப 26-ஆம் எழுத்தும், கைவிட 27-ஆம் எழுத்தும் வகுக்கப்பட்டன. சிதைந்த எழுத்துக்கு மாற்றாக நிற்கவே ஆஸ்கியில் இடம்பெற்ற அந்த 26, 1970-களின் சிபிஎம் இயங்குதளத்தில் கோப்பின் முடிவைக் குறிக்கும் பணியையும் ஏற்றிருந்தது. அந்த ஓர் எழுத்து விடுபட்டால், மோட்டார் நின்றுவிட்டதென்ற செய்தி மாட்யூலிலேயே தங்குவதோடு, அடுத்து வரும் ஆணைகளும் செய்தியின் பகுதியாகவே கொள்ளப்படுகின்றன.

தமிழில் செய்தி அனுப்பும்போது இச்சிக்கல் இன்னும் கூர்மை பெறுகிறது. குறுஞ்செய்தியில் பயன்படும் யூனிகோடு வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் இரண்டு பைட்டுகள் கொண்டது. அவற்றுள் முதலாவதன் மதிப்பு எப்போதும் 11, அதாவது ஆஸ்கியில் ஒரு கட்டுப்பாட்டு எழுத்தின் எண். ஆகவே அவை அப்படியே அனுப்பப்படாமல் பதினாறடிமான இலக்கங்களாக மாற்றப்படுகின்றன. ‘அ’ என்பது 0, பி, 8, 5 என நான்கு எழுத்துகளாகக் கம்பியில் செல்கிறது. ஆங்கிலத்தில் 160 எழுத்துகளை ஏற்கும் ஒரு குறுஞ்செய்தி, தமிழில் புள்ளியையும் உயிர்க்குறிகளையும் தனித்தனியே எண்ணி 70 குறிகளையே ஏற்கிறது.