மட்டக்களப்பு வாவியும் ஒல்லாந்தர் காலத்துப் பிஸ்காலும்

இலங்கை நீதிமன்றங்களில் தீர்ப்பையும் கட்டளையையும் நிறைவேற்றி வைக்கும் உத்தியோகத்தருக்குப் பிஸ்கால் என்று பெயர். மட்டக்களப்பு மக்களுக்கும் பழகிய சொல்லே இது. ஆயினும், அப்பெயருக்குரியவர் ஒருகாலத்தில் ஆற்றிய பணி வேறு. ஒல்லாந்தர் ஆட்சியில் அவர் வழக்குத் தொடுப்பவர். கம்பனியின் பொருளைக் களவாடியோரை மன்றின் முன் நிறுத்தும் கடமை அவருடையது.

புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கோட்டை அமைத்தனர். 1638 மே மாதத்தில், வெஸ்டர்வோல்ட் தலைமையில் வந்த ஒல்லாந்தர், கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனோடு கூடி அதனைக் கைப்பற்றினர். அம்மாதமே மட்டக்களப்பில் எழுதப்பட்ட உடன்படிக்கை, கறுவா முதலிய சரக்குகளின் தனிவாணிகத்தைக் கம்பனிக்கு அளித்தது. இடையிற் கைவிட்ட இத்துறையை ஒல்லாந்தர் 1668இல் மீண்டும் பிடித்தனர். 1670 அளவில் பாக்கு வாணிகமும் கம்பனிக்கே உரியதாயிற்று. மலைநாட்டுப் பாக்கைத் தோணியேற்றி விற்பது தலைமுறைகளாக நடந்துவந்த தொழில். அதுவே ஒரு கட்டளையினாற் கள்ள வாணிகமாயிற்று.

தோணிக்காரனைப் பிடிப்பது எளிது. கம்பனியின் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் கப்பலிலேயே தன் சொந்தச் சரக்கை ஏற்றும் அதிகாரியைப் பிடிப்பவர் யார்? சம்பளம் சிறிது, ஆசை பெரிது. வாடைக் காற்றிற் கடல் சீறும் மாதங்களில், முகத்துவாரத்துக்குள்ளே நீண்டு கிடக்கும் இவ்வாவிக்குக் கொழும்பின் கண் எட்டுவதரிது. கொழும்பிலே பிஸ்கால் ஒருவர் இருந்தார். ஆனால் அவரும் தேசாதிபதியின் கீழ் வாழ்ந்தவரே. மேலோன் களவாடினால் கீழோன் எவ்வாறு வழக்குரைப்பான்?

இதனை ஒல்லாந்து தேசத்திலிருந்த பதினேழு பணிப்பாளர்களும் உணர்ந்தனர். 1684இல் வான் றீட் என்பவரைத் தங்கள் ஆணையாளராக நியமித்து, வங்காளம், சோழமண்டலக் கரை, இலங்கை, மலையாளம் ஆகிய இடங்களின் ஊழலை ஆராய அனுப்பினர். மலையாளத்துத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை உருவாக்கியவரும் அவரே. 1691இல் சூரத்துக்குச் செல்லும் வழியிற் கடலிலேயே அவர் உயிர் நீத்தார். அந்நூற்றாண்டின் கடைக்கூற்றிலே ‘சுதந்திரப் பிஸ்கால்’ என்னும் பதவியும் தோன்றியது. அவர் தேசாதிபதிக்கன்றி, நேரே பணிப்பாளருக்கே பொறுப்புடையவர்.

ஏற்பாடு நன்று, பயனோ குறைவு. ஆணை ஒல்லாந்திலிருந்து வந்தாலும், சாட்சியும் காவலும் மன்றமும் உள்ளூர் அதிகாரிகள் கையிலேயே இருந்தன. தண்டப் பணத்திற் பிஸ்காலுக்கும் பங்கு உண்டு. ஆகவே பல இடங்களில் அவரும் செல்வம் சேர்க்கும் வழியையே நாடினார்.

இலங்கைத் தேசாதிபதி வொய்ஸ்ட், மனம்போனவாறு பலரைக் கொல்வித்த குற்றத்துக்காக, 1732இல் பத்தாவியாவிலே மரண தண்டனை பெற்றார். அவருக்குப் பின் வந்த வெர்ஸ்லுயிஸ், சொந்த இலாபத்துக்காக அரிசி விலையை உயர்த்தியவர் என்று குற்றஞ் சாட்டப்பட்டார். அவரை அகற்றப் பத்தாவியா ஆணையாளர் ஒருவரை அனுப்பவேண்டியதாயிற்று. அதிகாரியின் களவு கணக்கேட்டில் ஓர் எண். குடிமகனுக்கோ அது வெறுமையான உலைப்பானை.

1799ஆம் ஆண்டின் இறுதியிற் கம்பனி மறைந்தது. அது எழுப்பிய கேள்வி மறையவில்லை. 2021 ஜூன் 1ஆம் நாள் லக்சம்பேர்க்கிலே ஐரோப்பிய வழக்குத் தொடுநர் அலுவலகம் பணி தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுப்பணத்தை மோசடி செய்வோரை அது தொடர்கிறது. எனினும், வழக்குகள் நடப்பது அந்தந்த நாட்டு மன்றங்களிலேயே; அவற்றை நடத்துவோரும் அந்தந்த நாட்டிலேயே பணியாற்றும் வழக்குத் தொடுநர்களே. எல்லை கடந்த களவுக்கு எல்லை கடந்த கண் வேண்டும். அந்தக் கண்ணுக்கு உள்ளூர்க் கையின் துணையும் வேண்டும். பிஸ்காலுக்குக் கண் அளிக்கப்பட்டது; கை அளிக்கப்படவில்லை. புளியந்தீவுக் கோட்டையின் பழஞ்சுவர்கள் நினைவூட்டும் பாடம் இதுவே.