சென்னை ஆட்டோவும் பயணியின் பேரமும்

சென்னையில் ஆட்டோக் கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு உரியது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 67ஆம் பிரிவு அதை வழங்குகிறது. நடைமுறையிலோ, வண்டியில் கால் வைப்பதற்கு முன் ஓட்டுநரும் பயணியும் பேசிக்கொள்ளும் அரை நிமிடத்தில் விலை முடிவாகிவிடுகிறது. இதற்கு ஓட்டுநரின் பேராசையே காரணம் என்பது ஊரார் சொல்லும் விளக்கம். சாமர்த்தியமாகப் பேசத் தெரிந்தவர் பிழைத்துக்கொள்வார் என்பது ஊருக்குப் புதிதாக வருபவருக்குச் சொல்லப்படும் அறிவுரை. இரண்டுமே விலையை ஆளின் குணத்தோடு முடிச்சுப் போடுகின்றன. பேரம் எந்த எல்லைக்குள் நடக்கும் என்பதை வகுப்பது, கட்டணத்தை நிர்ணயித்த அரசாணையின் வயது. அந்த எல்லைக்குள் விலை எங்கே நிற்கும் என்பதை முடிவு செய்வது, பேச்சு முறிந்தால் அவரவர்க்கு வேறு என்ன வழி இருக்கிறது என்பது. வாய்ச்சாலகத்தின் பங்கு இவற்றுக்குப் பிறகுதான் வருகிறது.

2007இல் அரசு அறிவித்த கட்டணம் முதல் 2 கிலோமீட்டருக்கு 14 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 6 ரூபாய். 2013 ஆகஸ்டில் இது முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று உயர்ந்தது. இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை ஒன்றரை மடங்கு. அந்த ஆணைக்குப் பின் சில மாதங்கள் நகரில் மீட்டர் பரவலாக ஓடியது. சோதனைகளும் அப்போது கடுமையாக இருந்தன என்பதால், கட்டணம் நியாயமாக இருந்ததால் மட்டுமே மீட்டர் ஓடியது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சோதனை தளர்ந்த பின்னும் கட்டணம் அதே இடத்தில் நின்றது. இலவசமாகத் தரப்படும் என்று அறிவிக்கப்பட்ட ஜி.பி.எஸ். மீட்டர்கள் ஓட்டுநர்களிடம் வந்து சேரவில்லை. 2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது. 2022இல் விவகாரம் உயர்நீதிமன்றம் வரை போய், முதல் 1.5 கிலோமீட்டருக்கு 40 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 18 ரூபாய் என்று ஒரு பரிந்துரையும் உருவானது, ஆணையாக வெளிவரவில்லை. 2025 பிப்ரவரி 1ஆம் தேதியிலிருந்து முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 18 ரூபாய் வாங்குவோம் என்று ஓட்டுநர் சங்கங்கள் தாங்களே அறிவித்தன. அரசு அதை ஏற்கவில்லை.

10 கிலோமீட்டர் சவாரி ஒன்றை எடுத்துக்கொண்டால், 2013 ஆணைப்படி கட்டணம் 123 ரூபாய் 40 காசு; சங்கங்களின் கணக்குப்படி 197 ரூபாய் 60 காசு. இரண்டுக்கும் இடைப்பட்ட 74 ரூபாய்தான் பேரத்தின் களம். பயணி கீழ் எண்ணைச் சட்டம் என்று சொல்லலாம், ஓட்டுநர் மேல் எண்ணை வாழ்க்கைச் செலவு என்று சொல்லலாம். இருவரும் பொய் சொல்லவில்லை. சட்டபூர்வமான விலை எவரும் நம்பாத விலையாகிவிட்ட சந்தையில், ஒவ்வொரு சவாரிக்கும் புதிதாக ஒரு விலை பேச வேண்டியிருப்பது இயல்பு.

மும்பையோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். அங்கே ஆட்டோவின் குறைந்தபட்சக் கட்டணம் 2022 அக்டோபரில் 21இலிருந்து 23 ரூபாயாகவும், 2025 பிப்ரவரியில் 26 ரூபாயாகவும் உயர்ந்தது. எரிபொருள், வண்டி விலை, பராமரிப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிடும் வாய்ப்பாடு ஒன்றை அடிப்படையாகக் கொண்டு சிறிது சிறிதாக ஏற்றுகிறார்கள். மும்பையில் மீட்டர் போடச் சொல்வது சண்டைக்கு அழைப்பாகக் கருதப்படுவதில்லை. குறுகிய தூரத்துக்கு வர மறுக்கும் ஓட்டுநர்கள் அங்கும் உண்டு. ஆனால் தகராறு போவதா வேண்டாமா என்பதில் நிற்கிறது, எவ்வளவு என்பதற்கு அதிகம் நகர்வதில்லை. சென்னை ஓட்டுநரை விட மும்பை ஓட்டுநர் நல்லவர் என்று இதற்கு விளக்கம் சொல்வது ஆய்வாகாது.

இனி களத்துக்குள். ஓட்டுநர் சொல்லும் முதல் விலைக்குள் மூன்று செலவுகள் ஒளிந்திருக்கின்றன. சொந்த வண்டி இல்லாதவருக்கு நாள் வாடகை, சொந்த வண்டிக்காரருக்கு மாதத் தவணை. இது ஓடினாலும் ஓடாவிட்டாலும் உண்டு. இரண்டாவது, காத்திருந்த நேரம். மூன்றாவது, திரும்பி வரும் வெற்றுப் பயணம். ‘ரிட்டர்ன் சவாரி கிடைக்காது’ என்ற வாக்கியம் தந்திரம் போலத் தோன்றினாலும், இறங்கும் இடத்தைப் பொறுத்து அது முழு உண்மையாகவும் இருக்கலாம். தி.நகருக்கோ மயிலாப்பூருக்கோ போகும் வண்டிக்கு அடுத்த சவாரி அங்கேயே காத்திருக்கும்; புறநகரின் உள்தெருவுக்கு இரவில் போகும் வண்டிக்கு இருக்காது. மீட்டர் இந்த வேறுபாட்டை அறியாது. பேரம் அறியும். பேரத்துக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் இது ஒன்றே.

எதிர்வாதம் அதைவிட வலியது. பேரம் செலவை மட்டும் அளப்பதில்லை. பயணியின் அறியாமையையும் அளக்கிறது. ஏதென்ஸ் நகர டாக்சிகளில் பலாஃபூட்டாஸும் உடன் ஆய்வாளர்களும் நடத்தி 2013இல் வெளியிட்ட கள ஆய்வில், ஊருக்குப் புதியவராகக் காட்டிக்கொண்டவர்கள் உள்ளூர்க்காரர்களை விடச் சுற்றுவழியில் அழைத்துச் செல்லப்பட்டார்கள். கட்டண முறை தெரியாத வெளிநாட்டவராகத் தோன்றியவர்களிடம் கூடுதலாக வசூலிப்பதும் நடந்தது. இத்தனைக்கும் ஏதென்ஸ் டாக்சிகளில் மீட்டர் உண்டு. பெருவின் லிமா நகரில் மீட்டரே கிடையாது. ஏறுமுன் விலை பேசியாக வேண்டும். அங்கே கஸ்டீயோவும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வில், ஆண் பயணிகளிடம் பெண்களிடம் கேட்டதைவிட அதிக விலை கேட்கப்பட்டது, அவர்களுடைய பேரம் அதிகமாக நிராகரிக்கவும் பட்டது. பயணி அதிகம் தரத் தயாராக இல்லை என்ற குறிப்பு ஓட்டுநருக்குக் கிடைத்ததும் அந்த வேறுபாடு மறைந்தது. ஆண் அதிகம் கொடுப்பான் என்ற ஊகமே விலையை ஏற்றியிருக்கிறது. லிமாவின் முடிவை அப்படியே சென்னைக்குப் பொருத்த முடியாது; ஓட்டுநர் பயணியின் தோற்றத்தைப் படித்து விலை சொல்கிறார் என்ற பொதுக்கூறு பொருந்தும். சென்ட்ரல் ரயில் நிலைய வாசலில் பெட்டியும் கைக்குழந்தையுமாக, முகவரிச் சீட்டைப் பார்த்தபடி நிற்பவர் வாயைத் திறக்குமுன்பே பேரத்தின் பாதியைத் தோற்றுவிடுகிறார்.

ஆகவே பயணியின் பலம் நாக்கில் இல்லை, நிற்கும் இடத்தில் இருக்கிறது. ரயில் நிலைய வாசலிலும் பேருந்து நிலைய வாசலிலும் உள்ள ஸ்டாண்டில் வண்டிகளுக்கு முறை உண்டு. முதல் வண்டி விலை சொன்னால் பின்னால் நிற்பவர் குறைத்துக் கேட்பது அரிது. அங்கே பத்து வண்டிகள் நின்றாலும் பயணிக்குக் கிடைப்பது ஒரே விலைதான். சற்றுத் தள்ளிச் சாலைக்குப் போனால், சவாரியை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் வண்டிகள் வரும். அவற்றின் ஓட்டுநருக்கு முறையும் இல்லை, காத்திருந்த நேரத்தை ஈடுகட்டும் கட்டாயமும் இல்லை. போகும் திசையிலேயே வரும் வண்டி என்றால் திரும்பும் செலவும் விலையிலிருந்து கழிந்துவிடும். ப்ரீபெய்டு கவுண்டர் இருக்கும் இடத்தில், அங்கே கேட்டறிந்த தொகையே பேச்சின் உச்சவரம்பு. அருகில் மாநகரப் பேருந்தோ மெட்ரோவோ இருப்பதும், அதைப் பயணி அறிந்திருப்பது ஓட்டுநருக்குத் தெரிவதும் அதே வேலையைச் செய்யும்.

முழு பேரத்துக்கும் முழு மீட்டருக்கும் நடுவில் சென்னை ஓர் ஏற்பாட்டை வளர்த்திருக்கிறது: ‘மீட்டர் போடுறேன், மேல போட்டுக் குடுங்க’. பழைய ஆணையை அடித்தளமாக வைத்து, அதன் வயதுக்கு ஒரு தொகையைச் சேர்ப்பது இது. சட்டத்துக்குப் புறம்பானதுதான். ஆனால் தூரத்தைப் பற்றிய தகராறை மீட்டர் தீர்த்துவிடுவதால், வழி தெரியாத பயணிக்கு மொத்தத் தொகை பேசுவதை விட இது பாதுகாப்பானது. சேர்க்கும் தொகையை ஏறுமுன் பேசிவிட வேண்டும். ‘பாத்துக் குடுங்க’ என்று விட்டுவிட்டால் பேரம் இறங்கும் இடத்துக்குத் தள்ளிப்போகும். அங்கே பயணியின் பெட்டி இன்னும் வண்டிக்குள் இருக்கும்.

ஆட்டோவை அழைக்கும் செயலிகள் வந்தபோது பேரம் ஒழிந்தது என்று எழுதப்பட்டது. அவசரமான கணிப்பு. திரையில் விலை தெரிந்தாலும், ஓட்டுநர் தொலைபேசியில் அழைத்து எங்கே போக வேண்டும், கையில் காசா என்று கேட்டுவிட்டு ரத்து செய்வது பேரத்தின் இன்னொரு வடிவமே. கமிஷன் வாங்காமல் ஓட்டுநரிடம் சந்தா மட்டும் பெறும் முறையை நம்ம யாத்ரி என்ற செயலி பரப்பியது. 2025 பிப்ரவரியில் ஊபர் தன் ஆட்டோ சேவையை இதே முறைக்கு மாற்றியபோது, திரையில் காட்டுவது பரிந்துரைத் தொகை மட்டுமே, இறுதித் தொகையைப் பயணியும் ஓட்டுநரும் பேசிக்கொள்ளலாம் என்றது. ரஷ்யாவின் யாகூட்ஸ்க் நகரில் தோன்றிய இன்டிரைவ் செயலியோ பேரத்தையே தொழிலாக்கியது: பயணி ஒரு தொகை சொல்வார், ஓட்டுநர்கள் தங்கள் தொகையைச் சொல்வார்கள். கடுங்குளிரில் டாக்சிக்காரர்கள் கட்டணத்தை ஏற்றியதற்கு எதிராக அவ்வூர் மக்கள் இணையத்தில் கூடிய குழுவே அதன் தொடக்கம். செயலிகள் மாற்றியிருப்பது பயணியின் மாற்றுவழியைத்தான். தெருவில் நின்று பேசும்போதும் கையில் ஒரு விலை இருக்கிறது. செயலியில் சவாரியைப் பதிவே செய்யாதவராலும் அதைச் சொல்லிக் குறைத்துக் கேட்க முடிகிறது.

ஓட்டுநரின் மாற்றுவழியைச் சட்டம் எப்படி நடத்துகிறது என்பது மீதி. பயணியை ஏற்ற மறுப்பதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 178ஆம் பிரிவு மூன்று சக்கர வண்டிக்கு விதிக்கும் உச்ச அபராதம் 50 ரூபாய். 2019 திருத்தம் மற்ற வாடகை வண்டிகளுக்கு இதை 500 ரூபாயாக்கியது, ஆட்டோவைத் தொடவில்லை. ஒரு சவாரியின் பேர இடைவெளியே 74 ரூபாயாக இருக்கையில், பேச்சை முறித்துக்கொண்டு அடுத்தவருக்குக் காத்திருப்பது ஓட்டுநருக்கு ஏறக்குறைய செலவில்லாத காரியம். நள்ளிரவில் ரயிலை விட்டு இறங்கிய பயணிக்கு அப்படியில்லை.