தலச்சபையின் நோக்கமும் உடனுண்ணலும்: பாராமகால் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஓர் ஊரில் அமைந்த கிறித்தவச் சபை எதற்காக இருக்கிறது என்னும் வினாவுக்குச் சபை ஆவணங்கள் தரும் விடை பெரும்பாலும் நற்செய்தி அறிவித்தல், வழிபாடு, தொண்டு என்னும் மூன்றனுள் அடங்கிவிடும. இக்கட்டுரை அவ்விடையைச் சபையினரின் அன்றாட உறவுமுறைகளோடு பொருத்திக் காண்கிறது. சேலத்திலிருந்து மொரப்பூர் வழியாகத் திருப்பத்தூர் செல்லும் வட்டாரத்தைக் களமாகக் கொண்டு, 1827ஆம் ஆண்டில் தொடங்கிய இலண்டன் மிஷன் பணி, 1921இல் தோன்றிய கிறிஸ்துகுல ஆசிரமம், பின்வந்த தலித் இறையியல் ஆகியவற்றை வரிசைப்படுத்தி, யார் யாரோடு உடனமர்ந்து உண்டனர் என்பதே சபை நோக்கத்தின் உண்மையான அளவுகோலாக அமைந்தது என நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: தலச்சபை, பாராமகால், மொரப்பூர், கிறிஸ்துகுல ஆசிரமம், உடனுண்ணல், அசரியா, கே. டி. பால், தலித் இறையியல்.

முன்னுரை

தமிழகக் கிறித்தவ வரலாறு பற்றிய ஆய்வுகள் தரங்கம்பாடி, திருநெல்வேலி, மதுரை, நாகர்கோவில் ஆகிய மையங்களையே பெரிதும் சுற்றி வந்துள்ளன. அச்சுக்கூடம், பள்ளி, பெருந்திரள் மதமாற்றம் என ஆவணச் செறிவு மிக்க களங்கள் அங்கே இருந்தமை இதற்குக் காரணம். கிறித்தவர் சிறுபான்மையினராகவே இருந்துவந்த தருமபுரி, சேலம் பகுதிகள் அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. ஆயினும் சபையின் நோக்கம் என்ன என்னும் வினா கூர்மை பெறுவது இத்தகைய சிறு சபைகளில்தான். பெருந்திரளான உறுப்பினர் உள்ள இடத்தில் சபை தன் இருப்புக்குக் காரணம் கூற வேண்டியதில்லை. சிலரே கூடும் இடத்தில், அவர்கள் எதன் பொருட்டுக் கூடுகின்றனர் என்பது உறுப்பினரும் ஊராரும் எழுப்பும் வினாவாகிறது.

இக்கட்டுரை சீர்திருத்தத் திருச்சபை மரபை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இதே வட்டாரத்தில் நீண்ட வரலாறுடைய கத்தோலிக்கத் திருச்சபை 1930இல் சேலம் மறைமாவட்டமாகவும், 1997இல் அதிலிருந்து பிரிந்து தருமபுரி மறைமாவட்டமாகவும் அமைப்புற்றது. அதன் வரலாறு தனியே ஆராய்தற்குரியது.

வட்டாரமும் இருப்புப்பாதையும்

1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறிய பகுதி பாராமகால். அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாகத் தருமபுரியில் தங்கிப் பணியாற்றிய தாமஸ் மன்றோவும் இங்கு நிலவரித் திட்டத்தை வகுத்தனர். பின்னர் இப்பகுதி சேலம் மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1965இல் தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. திருப்பத்தூர் சேலத்திலிருந்து வட ஆர்க்காட்டுக்கு மாற்றப்பட்டு, 2019இல் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று.

ஆட்சி எல்லைகள் இவ்வாறு மாறினும் இவ்வூர்களை இணைத்து நிறுத்தியது இருப்புப்பாதை. சோலையார்ப்பேட்டையிலிருந்து திருப்பத்தூர், மொரப்பூர், பொம்மிடி வழியாகச் சேலம் செல்லும் பாதை 1860களின் தொடக்கத்தில் அமைந்தது. 1876–78ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சம் சேலம் மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. பஞ்சக் காலத்தில் தானியம் கொண்டுசெல்ல உதவும் வகையில் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குக் குறும்பாதை 1906இல் திறக்கப்பட்டு, 1913இல் ஓசூர் வரை நீண்டது. 1941இல் அப்பாதை மூடப்பட்டது. எனவே மொரப்பூர் என்பது தெற்கே சேலத்து மிஷன் மையத்துக்கும் வடக்கே திருப்பத்தூர் ஆசிரமத்துக்கும் இடைப்பட்ட சந்திப்பு நிலையம். இப்பாதையின் இரு முனைகளிலும் உருவான இருவேறு சபைக் கருத்துகளை ஒப்பிடுவதற்கு இவ்வூர் பொருத்தமான நோக்குமுனையாகிறது.

அறிவித்தலும் கட்டுப்பாடும்: மிஷன் காலம்

1795இல் நிறுவப்பட்ட இலண்டன் மிஷனெரி சங்கம் 1827இல் ஹென்றி கிறிஸ்ப் என்பவர் வழியாகச் சேலத்தில் பணி தொடங்கியது. அவருக்குப் பின் நெடுங்காலம் பணியாற்றிய ஜான் மைக்கேல் லெக்லர் தொழிற்பள்ளி ஒன்றையும் ஏற்படுத்தினார். அக்காலத்தில் சபையின் நோக்கம் மிஷனின் நோக்கத்திலிருந்து வேறுபடுத்தப்படவில்லை. நற்செய்தியை அறிவிப்பது மிஷன். அறிவிப்பை ஏற்றோர் கூடுவது சபை. உபதேசியார் ஊதியம், பள்ளிக் கட்டடம், ஒழுங்கு நடவடிக்கை யாவும் மிஷனெரியின் பொறுப்பில் இருந்தன. தமிழ்க் கிறித்தவர் மிஷனெரியை ‘ஐயர்’ என விளித்தனர். இரேனியஸ் ஐயர், போப்பையர் என்னும் வழக்குகள் இன்றும் நிலைத்துள்ளன. இவ்விளி மதிப்பைச் சுட்டுவதோடு, சபைக்குள் மிஷனெரி வகித்த உயர்நிலையையும் காட்டுகிறது.

இக்காலத்துச் சபையொழுங்கில் உடனுண்ணல் ஒரு தேர்வாகவே கையாளப்பட்டது. மதுரை அமெரிக்க மிஷன் 1847இல் சாதியைக் கைவிட்டதற்குச் சான்றாக அனைவரும் ஒன்றாய் அமர்ந்து உண்ணும் ‘அன்பின் விருந்தை’ வற்புறுத்தியது. மறுத்த ஊழியர் பலர் பணியிழந்தனர். 1850இல் சென்னை மிஷனெரி மாநாடும், எந்தச் சாதிக் கிறித்தவரோடும் உண்ண ஒருப்படாதவர் சாதியைத் துறந்தவராகக் கருதப்படமாட்டார் என்னும் நிலைப்பாட்டை எடுத்தது. லைப்சிக் லுத்தரன் மிஷன் அந்நிலைப்பாட்டில் சேரவில்லை.

சாதியைச் சபை வாயிலுக்கு வெளியே நிறுத்த முனைந்த இம்முடிவுகளின் முதன்மை ஐயத்திற்கிடமின்றி ஏற்கத்தக்கது. எனினும் இத்தேர்வை வைத்தவர் அதற்குத் தாம் உட்படவில்லை. தமிழ்க் கிறித்தவர் தமக்குள் உடனுண்ண வேண்டும் எனக் கோரிய மிஷன், மிஷனெரியின் உணவு மேசைக்கும் உபதேசியாரின் திண்ணைக்கும் இடையிலிருந்த தொலைவை ஒழுங்குமுறைப் பொருளாகக் கருதவில்லை.

நட்புக்கான கோரிக்கை

அத்தொலைவைப் பொதுமேடையில் எடுத்துரைத்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிப் பகுதி வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த இவர், 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கத்தையும், 1905 திசம்பர் 25 அன்று செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கத்தையும் உருவாக்குவதில் முன்னின்றார். இந்தியரின் ஊழியம், இந்தியரின் பணம், இந்தியரின் தலைமை என்பதே பின்னதன் அடிப்படை. 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில், மேலைநாட்டு மிஷனெரிகளின் ஈகத்தை நன்றியுடன் ஏற்ற அசரியா, அவர்களுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் இடையே உண்மையான நட்பு இல்லை என்பதைச் சுட்டினார். ஒருவர் வீட்டில் ஒருவர் விருந்தினராக இல்லாமை அவர் எழுப்பிய குறைகளுள் ஒன்று. அவர் கேட்டது உதவியாளரையன்று, நண்பரை. அவையில் பலர் இதனால் வருத்தமுற்றனர் என்பதே அக்கூற்றின் கூர்மைக்குச் சான்று.

இவ்வியக்கத்தில் சேலம் மண்ணுக்கும் பங்குண்டு. 1876இல் சேலத்தில் பிறந்த கே. டி. பால் தேசிய மிஷனெரி சங்கத்தின் செயலராகப் பணியாற்றினார். பின்னர் இளைஞர் கிறித்தவ சங்கத்தின் முதல் இந்தியப் பொதுச்செயலராகிக் கிராமப் புனரமைப்பைக் கிறித்தவப் பணியின் மையத்துக்குக் கொண்டுவந்தார். இலண்டன் வட்டமேசை மாநாட்டிலும் பங்கேற்ற அவர் 1931இல் மறைந்தார். கடன், வேளாண்மை, கைத்தொழில் ஆகியவை சபைக்குப் புறம்பானவை என்னும் எண்ணத்தை அவரது பணி தளர்த்தியது. இதே காலத்தில் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபை அமைந்து, இலண்டன் மிஷன் வழிவந்த சபைகள் அதில் இணைந்தன. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய ஊழியர்கள் சபை ஒன்றிப்புக்கான அறிக்கையை வெளியிட்டனர். மிஷனின் நிழலிலிருந்து சபை தனித்து நிற்கத் தொடங்கிய காலம் இது.

கிறிஸ்துகுலம்: பெயரும் வாழ்முறையும்

அசரியா சொல்லாகக் கேட்டதை வாழ்முறையாக்கிக் காட்டிய முயற்சி 1921இல் திருப்பத்தூரில் தொடங்கிற்று. பாளையங்கோட்டையைச் சேர்ந்த மருத்துவர் சவரிராயன் இயேசுதாசனும், ஸ்காட்லாந்தின் செல்வக் குடும்பத்தைச் சேர்ந்த மருத்துவர் எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டனும் இணைந்து கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். இந்தியச் சீர்திருத்தத் திருச்சபை வரலாற்றில் மிகத் தொடக்கக் கால ஆசிரமங்களுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. கிறிஸ்த சேவா சங்கம் தோன்றியது 1922இல். குளித்தலைச் சாந்திவனம் 1950இல் தோன்றியது.

ஆசிரமத்தின் பெயரே ஆய்வுக்குரியது. ‘குலம்’ என்பது தமிழில் குடும்பத்தையும் பிறப்பு வழிப் பிரிவையும் ஒருங்கே குறிக்கும் சொல். பிறப்பால் அமையும் குலங்களுக்கிடையே, பிறப்பால் அமையாத ஒரு குலத்தை அறிவித்தது இப்பெயர். உறுப்பினர் ஒருவரையொருவர் உறவுமுறை சொல்லி அழைத்தனர். இயேசுதாசன் ‘பெரியண்ணன்’, பேட்டன் ‘சின்னண்ணன்’. 1882இல் பிறந்தவர் மூத்தவராகவும் 1891இல் பிறந்தவர் இளையவராகவும் அழைக்கப்பட்டது வயது முறைமையே. ஆயினும் ஐரோப்பியர் ஒருவர் தமிழருக்குத் தம்பி நிலையில் நிற்பது, ‘ஐயர்’, ‘துரை’ என்னும் விளிகளுக்குப் பழகிய சபைச் சூழலில் முன்னில்லாத ஒன்று. அசரியா கேட்ட நட்பைக் கடந்து, முன்பின் முறைமையை மாற்றிய உறவு இது.

வாழ்முறையும் இதற்கேற்ப அமைந்தது. கதராடை, தரையில் அமர்ந்து உண்ணல், எளிய மரக்கறி உணவு, முழு உறுப்பினர்க்குத் திருமணம் துறந்த வாழ்வு, நாள்தோறும் கூட்டு வழிபாடு, சுற்றுப்புறச் சிற்றூர் மக்களுக்கு மருத்துவம் என்பன அதன் ஒழுங்குகள். வழிபாட்டுக்கூடம் திராவிடக் கோயிற்கட்டடக் கலையைத் தழுவி எழுப்பப்பட்டது. பண்டைத் தபோவனங்களோடு தாகூரின் சாந்திநிகேதனும் காந்தியடிகளின் ஆசிரமங்களும் இதற்கு முன்மாதிரிகளாயின. மருத்துவம் இங்கு மதமாற்றத்துக்கான வாயிலாகக் கருதப்படவில்லை. அதுவே நற்செய்தியின் ஒரு வடிவம் எனக் கொள்ளப்பட்டது.

இவ்வுடன்வாழ்வுக்கு விலை கொடுக்கவும் நேர்ந்தது. முதல் உலகப் போருக்குப் பின் அயல்நாட்டு மிஷனெரிகள் அரசுக்கு எதிரான அரசியலிலிருந்து விலகியிருக்க வேண்டும் என அரசு எதிர்பார்த்தது. 1932 சனவரியில், சட்டமறுப்பு இயக்கம் நடந்த வேளையில், கதராடை அணிந்திருந்த பேட்டன் சென்னையில் காவலரின் தாக்குதலுக்கு ஆளானார். அந்நிகழ்ச்சி பிரிட்டன் நாடாளுமன்றத்திலும் எழுப்பப்பட்டது. இந்தியரோடு ஒருவராக வாழ்வது என்பது இந்தியர் படும் அடியையும் பகிர்வதாகும் என்பதை அது காட்டிற்று.

தாம்பரம் 1938: சபையா, இறையாட்சியா?

1938 திசம்பரில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் கூடிய உலக மிஷனெரி அவையின் தாம்பரம் மாநாடு, தலச்சபையே நற்செய்திப் பணியின் அடித்தளம் என வலியுறுத்தியது. அதற்கு முன்னரே பாண்டிப்பெத்தி செஞ்சையா, வெங்கல் சக்கரை முதலியோர் கிறித்தவத்தை இந்தியச் சூழலில் மறுசிந்தனை செய்யும் நூலொன்றை வெளியிட்டு மாற்றுக் கருத்தை முன்வைத்தனர். சபை என்னும் நிறுவனம் மேலை வரலாற்றின் விளைவு. கிறிஸ்து அறிவித்தது புதுவாழ்வையும் இறையாட்சியையும் என்பது செஞ்சையாவின் வாதத்தின் சாரம். 1941இல் இக்குழுவினர் ஆசிரமங்கள் குறித்தும் தனிநூல் வெளியிட்டனர்.

இவ்விரு நிலைகளும் முரண்பட்டவையாகத் தோன்றினும், ஒன்று மற்றதன் குறையைச் சுட்டுகிறது. உள்ளூரில் வேர்கொள்ளாத பணி நிலைக்காது என்பது தாம்பரத்தின் கூற்று. தன்னைக் காத்துக்கொள்வதையே நோக்கமாக்கிய சபை தன் நோக்கத்தை இழக்கும் என்பது செஞ்சையாவின் எச்சரிக்கை. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது சேலம் வட்டார இலண்டன் மிஷன் சபைகள் அதன் பகுதியாயின. நிருவாக ஒன்றிப்பு நிறைவேறியது. செஞ்சையா எழுப்பிய வினா எஞ்சியது.

ஆசிரம முன்மாதிரியின் எல்லைகள்

கிறிஸ்துகுலத்தின் சாதனையை மதிப்பிடுகையில் அதன் எல்லைகளையும் கருத வேண்டும். முதலாவது, அது துறவியர் குழு. மணம் புரிந்து, கூலிக்கு உழைத்து, குழந்தைகளை வளர்க்கும் மக்களே தலச்சபையின் உறுப்பினர். அவர்கள் ஆசிரம ஒழுங்கை அப்படியே மேற்கொள்ள இயலாது. இரண்டாவது, பேட்டனின் குடும்பச் செல்வம் ஆசிரமத்துக்குப் பெருந்துணையாக இருந்தது. இந்தியரின் பணத்தில் இந்தியச் சபை என்னும் தேசிய மிஷனெரி சங்கத்தின் இலக்கை இது எட்டவில்லை.

மூன்றாவது எல்லையே முதன்மையானது. ஆசிரமம் ‘இந்தியத் தன்மை’ எனக் கொண்டது எது? தபோவனம், மரக்கறி உணவு, துறவு ஆகியவை பெரும்பாலும் உயர்சாதி இந்து மரபின் கூறுகள். தமிழகச் சபையினருள் கணிசமானோர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். அவர்களுடைய உணவும் இசையும் பேச்சும் இக்கருத்துக்குள் இடம்பெறவில்லை. 1981 முதல் அரவிந்த் பி. நிர்மல் முன்வைத்த தலித் இறையியல் இத்திறனாய்வைக் கூர்மைப்படுத்தியது. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, பறட்டை என்னும் பெயரில் நாட்டுப்புற இசையில் வழிபாட்டை ஆக்கியவர். அவர் ‘ஒரே உலை’ என்னும் கருத்தை இறையியலின் நடுவில் வைத்தார். அனைவரும் உழைத்து, ஒரே உலையில் சமைத்து, பகிர்ந்து உண்பதே அவர் கண்ட திருவிருந்து. இங்கு உடனுண்ணல் மேலிருந்து வைக்கும் தேர்வும் அன்று. துறவியரின் நோன்பும் அன்று. உழைக்கும் மக்களின் அன்றாடம்.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படுவன வருமாறு. 19ஆம் நூற்றாண்டு மிஷன் உடனுண்ணலைச் சாதி துறப்பின் அடையாளமாகக் கோரியது. எனினும் தன்னை அதற்கு உட்படுத்திக்கொள்ளவில்லை. அசரியா அம்முரணை 1910இல் வெளிப்படுத்தினார். கிறிஸ்துகுலம் 1921 முதல் இனவேறுபாட்டைக் கடந்து அம்முரணைத் தன் அளவில் தீர்த்தது; ஆயினும் உணவின் வகையாலும் துறவாலும் எல்லோர்க்கும் உரிய பந்தியாக விரியவில்லை. ஒரே உலைக் கருத்து அவ்விரிவைத் தேடியது.

‘திருவிருந்து’ என்னும் தமிழ்ச் சொல்லில் ‘விருந்து’ அடங்கியுள்ளது. பண்டைத் தமிழில் விருந்து என்பது புதிதாய் வந்தவரைக் குறிக்கும். அப்பொருளில் நோக்கினால், மொரப்பூர் போன்ற சிற்றூர்களின் சபைகள் தம் நோக்கத்தை எவ்வாறு எழுதிவைத்திருப்பினும், அதை அளக்கும் கோல் ஒன்றே: அங்குப் புதிதாய் வருபவர் எவ்வரிசையில் அமர்த்தப்படுகிறார் என்பது. சபை அறிக்கைகளோடு அன்பின் விருந்து, திருமண விருந்து, அறுப்பின் பண்டிகை ஆகியவற்றின் பந்தி முறைகளையும் களஆய்வு வழி ஆராய்வது இத்துறையில் அடுத்துச் செய்யத்தக்க பணியாகும்.